வெங்காயம் நசுக்கிய வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்கும் குறையில்லை, போன வாரம் தவிர.

எங்கள் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணனுக்குக் கல்யாணம் நின்றுபோனது. மனிதர் இடிந்துபோய்ப் பேச்சையே நிறுத்திவிட்டார். பயந்துபோய் மாத்திரைகள், ஆசிட், சமையல் கத்தி எல்லாவற்றையும் எங்களோடு தங்கியிருக்கும் டிரைவரின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். டிரைவரோ சாவியோடு வெளியூர் போய்விட்டார்! வெங்காயத்தைத் தட்டால் நசுக்கித்தான் சமைத்தேன். அதைப் பார்த்து அண்ணன் வாய் திறந்தார்: "டேய், வெங்காயம் உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் அழுதார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். டிரைவர் திரும்பிவந்து பெட்டியைத் திறக்கப் போனபோது, "இன்னும் கொஞ்ச நாள் பூட்டியே இருக்கட்டும்பா. எனக்கும் அதான் நிம்மதி" என்றார் அண்ணன். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்பி கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவின் தூக்க மாத்திரையை இன்றே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பரண்மேல் இருக்கும் பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் என்ன என்று நேராகவே கேளுங்கள். டாக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். கத்தியையும் சேர்த்தே பூட்டுங்கள். வெங்காயம் நசுக்க நான் போனில் சொல்லித்தருகிறேன்.

உங்கள் மூத்தவன்