கோப்பை யாருக்கும் இல்லாத வருஷம்

அன்புத் தோழிக்கு,

இரண்டு நாளாக ஜலதோஷம். இன்று காலை மருமகள் வெந்நீரில் நீலகிரித் தைலம் விட்டு, போர்வையை மூடி ஆவி பிடிக்கச் சொன்னாள். முதல் மூச்சிலேயே நம் கல்லூரி விடுதியின் பெரிய அறை வந்து நின்றது. வரிசையாய் நான்கு கட்டில்கள், நடுவே ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நீ. நீ கண்மூடி ஆறு மாதம் ஆகிறது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றுதான் முடிந்தது.

ஐம்பதுகளின் பிற்பாதியில், ஊரெங்கும் ஃபுளூ காய்ச்சல் பரவிய வருஷம். நீ பாலக்கரையிலிருந்து நடந்து வருவாய், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில். நீ பூப்பந்து அணியின் கேப்டன். நான் மட்டையைப் பிடித்தால் பந்து என்னைத் தாண்டிப் போய்விடும், ஆனால் எனக்குத் தொண்டை இருந்தது. நீ ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் முப்பது பெண்களைத் திரட்டி வந்து கத்துவேன். கத்தும்படிதான் ஆடுவாய் நீயும். எதிராளி அந்த மஞ்சள் பந்தை எங்கே அடித்தாலும் அதற்கு முன்பே அங்கே நின்றிருப்பாய். எப்படி என்று கேட்டால், "பந்தைப் பாக்காதே, அவங்க தோளைப் பாரு" என்பாய். எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நம் மைதானத்தில். எட்டு அணிகள் வருவதாக இருந்தது. காய்ச்சல் பயத்தில் நான்கு அணிகள் கிளம்பவே இல்லை. வந்தவற்றிலும் மாற்று ஆட்கள் கிடையாது. வெளியாட்கள் ஆட்டம் பார்க்க வரக்கூடாது என்று வாசலில் பலகை வைத்துவிட்டார்கள். பல வீடுகளில் பெண்களை அனுப்பவில்லை. என் முப்பது பேர் பன்னிரண்டு பேரானார்கள். பன்னிரண்டு பேரும் முப்பது பேருக்குக் கத்தினோம். நீ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாய். கல்லூரியில் அது உனக்குக் கடைசி வருஷம்.

எதிரணி மதுரைப் பெண்கள், நம் விடுதியிலேயே தங்கியிருந்தார்கள். இறுதி ஆட்டத்தன்று விடிந்தபோது அவர்கள் ஐந்து பேரில் நான்கு பேருக்குக் காய்ச்சல். அவர்கள் கேப்டனால் தலையைத் தூக்க முடியவில்லை. நான்கு மணிக்குள் ஐந்து பேர் களத்தில் நிற்காவிட்டால் கோப்பை நமக்கு என்று நம் விளையாட்டு ஆசிரியை வந்து சொன்னார். நான் துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். "கப்பு நமக்குத்தான்டி!" என்று கத்தினேன்.

நீ திரும்பிப் பார்த்தாய்.

"எதுக்குடி கை தட்டறே? அவங்க அஞ்சு பேரும் நின்னு நாங்க ஜெயிச்சா தட்டு. படுத்துக் கிடக்கறவங்களுக்குக் கேக்குது பாரு."

அவர்கள் படுத்திருந்த அறையின் ஜன்னல் எனக்குப் பின்னால்தான் இருந்தது.

நீ ஆசிரியையிடம் போனாய். "மிஸ், ஆட்டத்தைத் தள்ளி வைக்க முடியாதா?"

"எப்படிம்மா? நாளைக்குக் காலேஜையே மூடறாங்க. இப்படி ஜெயிக்க வேண்டாம்னு நீ எழுதிக் குடுத்தா, இந்த வருஷம் கப்பு யாருக்குமே கிடையாது. யோசிச்சுக்கோ."

உன் அணியை மரத்தடிக்கு அழைத்துப் போய்ப் பேசினாய். ஒருத்தி அழுதாள். பத்து நிமிஷத்தில் ஐந்து கையெழுத்தோடு காகிதம் வந்தது.

விடுதி காலியானது. மதுரைப் பெண்களை மட்டும் ரயிலில் அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டனும், அவர்களுடைய ஆசிரியையும், ஓர் ஆயாவும்தான் துணை. மறுநாளே ஆயாவும் படுத்துவிட்டாள். "நான் இருக்கேன் மிஸ்" என்று நீ தங்கிவிட்டாய். நான் பயந்துபோய் வீட்டுக்கு ஓடிவந்தவள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கை தட்டியதை மட்டும் விட்டுவிட்டு. அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "நாலு பொண்கள் ஊருக்குப் போக முடியாம படுத்திண்டிருக்கா, நீ ஆத்துல உக்காந்துண்டு என்ன பண்றே? மிளகு ரசம் வெச்சுத் தரேன், கொண்டு போ."

ஐந்து நாள் காலையில் தூக்குப் பாத்திரத்தோடு வந்தேன். நெற்றியில் துணி மாற்றுவாய், தலையணையைத் திருப்பிப் போடுவாய், கசாயம் குடிக்க மறுப்பவளிடம் முதலில் நீ ஒரு வாய் குடித்துக் காட்டுவாய். அவர்கள் கேப்டன் ஜுர மயக்கத்தில், "மேட்ச் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நடக்கலை. நீங்களும் தோக்கலை, நாங்களும் தோக்கலை. தூங்கு" என்றாய்.

ஆறாம் நாள் அவர்கள் கேப்டனுக்கும் ஜுரம் இறங்கியது. மறுநாள் ஊருக்குப் போக வேண்டும். எட்டாத பொருளைப் பார்ப்பதுபோல் அவள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள். "ஒரே ஒரு ஆட்டம்" என்றாள். டாக்டர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அவர்களில் நிற்க முடிந்தவர்கள் மூன்று பேர். தென்னூரிலிருந்து உன் அணிப் பெண்கள் இருவரை வரவழைத்தேன். மூவருக்கு மூவர். மலைக்கோட்டை மேல் வெயில் சாயும் நேரம். மைதானத்தில் நான் ஒருத்திதான் ரசிகை.

"யாருக்குடி கத்தறது?" என்றேன்.

"நல்லா ஆடறவங்களுக்கு."

அவள் தோள் தளர்ந்திருந்ததால் பந்து மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நீ ஒரு பந்தைக்கூட அவளுக்காக விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அவளை அவமதிப்பது என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ராத்திரியெல்லாம் கண்விழித்த உன் கால்களும் ஓடவில்லை. கடைசியில் இரண்டு புள்ளியில் தோற்றாய், நிஜமாகவே தோற்றாய். வலைக்கு அடியில் குனிந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாய். அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று உனக்கும் ஜுரம் வந்தது.

நீ முப்பது வருஷம் பெண்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தாய். கல்லூரியில் கோப்பை வென்றவர்களின் பலகையில் அந்த வருஷத்துக்கு நேரே இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அன்று கை தட்டியதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. நீயும் ஒருநாளும் அதை நினைவுபடுத்தியதில்லை. இப்போது கேட்கிறேன்.

எந்த ஏட்டிலும் இல்லாத அந்த ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை என்னால் சொல்ல முடியும். பேத்திகள் கேட்டால் சொல்கிறேன். நீ தோற்ற இடம் வரும்போது குரல் எனக்குத் தானாகவே உயர்ந்துவிடுகிறது.