எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்டவன் எழுதுவது

கல்கத்தா
12-2-1968

எளாவூரில் பயிர் பார்க்கும் என் மகன் வீரராகவனுக்கு, தை அமாவாசையன்று நீ எள்ளும் தண்ணீரும் இறைத்து வழியனுப்பி வைத்த உன் நைனா சடையப்பன் எழுதுவது. நான் இங்கே நலம், அதாவது மூச்சு வருகிறது, இரண்டு வேளை பசிக்கிறது, செத்தவனுக்கு இதெல்லாம் கிடையாது என்று கேள்வி. உன் அம்மா மணியம்மாளும் பசுவும் கன்றும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை நிற்கட்டும். உன் சுகத்தைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, கடிதம் முடிவதற்குள் வந்தால் கேட்கிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சணல் மில்லில் வேலை செய்யும் நம் ஊர் ராஜமாணிக்கம் லீவு முடிந்து வந்தவன், உன் அம்மா சொல்லி அனுப்பினாள் என்று நேற்று என்னைத் தேடிக் கப்பல் பட்டறைக்கு வந்தான். கேட்டில் என்னைக் கண்டதும் அண்ணே, நீ கீறியா என்று கேட்டுவிட்டு என் காலைப் பார்த்தான், தரையில் படுகிறதா என்று. பிறகுதான் எல்லாம் சொன்னான். லாரி ஓட்டும் துளசிராமன் செக்போஸ்ட் டீக்கடையில் நின்றுகொண்டு, கல்கத்தா கப்பல் பட்டறையில தமிழ் ஆளு ஒர்த்தன் சாரத்துலேர்ந்து வியுந்து பூட்டாம்பா என்றானாம், ஊரே அது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டதாம். துளசிராமன் லாரியில் ஏற்றும் வெங்காயம் பாதிதான் போய்ச் சேரும், அவன் வாயில் ஏற்றும் செய்தி இரண்டு மடங்காகப் போய்ச் சேரும், இது உனக்குத் தெரியாதா? சாரத்திலிருந்து விழ வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டுமடா. கார்த்திகையிலிருந்து இங்கே ஒருவனும் ஏறவில்லை. இரும்புத் தகடு வரவில்லை, அரைக் கப்பல் எலும்பும் தோலுமாக நிற்கிறது, நாங்கள் முந்நூறு பேர் காலையில் டோக்கன் போட்டுவிட்டுக் கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மண் குவளையில் டீ குடிக்கிறோம். எங்கள் ஃபோர்மேன் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு மணிக்கொரு தடவை வந்து, சும்மா உட்காராதீர்கள் என்று அதட்டுகிறார், பிறகு அவரும் குந்திக் குளிர் காய்ந்துவிட்டுப் போகிறார். செத்துப்போகிற அளவுக்கு இங்கே யாருக்கும் வேலை இல்லை.

சரி, துளசிராமன் உளறுவாயன். உனக்குப் புத்தி எங்கே போயிற்று? உன் அம்மா என் உடம்பு நன்றாயிருக்க வேண்டும் என்று திருவள்ளூர்க் குளத்தில் கரைக்க வெல்லம் கொடுத்தனுப்பினாள். ராஜமாணிக்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நீ போன இடத்தில் வரிசையாக ஆட்களை உட்காரவைத்துத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்த ஐயர், அப்பா இருக்காரா இல்லையா என்று உன்னைக் கேட்டாராம். நீ வாயைத் திறக்காமல் நின்றாயாம். அவருக்கென்ன, பின்னால் நூறு பேர் காத்து நிற்கிறார்கள், பதில் சொல்லாதவனுக்கு அப்பன் இல்லை என்று எடுத்துக்கொண்டு, உட்காரு என்றாராம். நீயும் உட்கார்ந்தாயாம். அப்பன் உயிரோடிருப்பவன் எள்ளைத் தொடலாமா? பேர் கேட்டபோது மட்டும் சடையப்பன் என்று கணீரென்று சொன்னாயாம். வெல்லம் துண்டு முடிச்சிலேயே வீடு திரும்பி எறும்புக்குப் போனதாம். விஷயம் தெரிந்த உன் அம்மா, அந்த ஆளாவது சாவுறதாவது, வீம்பு புட்சிக்கினு குந்திக்கினு கீறாரு என்று சொல்லிவிட்டுப் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டாளாம். அவள் ஒருத்திக்குத்தான் அந்த வீட்டில் மூளை இருக்கிறது.

அவள் சொன்னது நிஜம். பட்டறையில் வேலை குறைந்ததும் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டைப் பூட்டிவிட்டார்கள், ஆற்றோரக் கொட்டகைக்கு மாறினோம், உன் கடிதங்கள் ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கும். புது விலாசத்தை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஆடியில் வந்தபோது, கிணற்று இன்ஜினைக் கிழக்கு மூலையில் வை என்று சொன்னதற்கு நீ என்ன சொன்னாய்? நைனா, நீ வர்சத்துக்கு ஒரு தபா வர்ற விருந்தாளி, துன்னமா தூங்கனமான்னு இரு என்றாய். கலத்தில் கையை உதறிவிட்டு ரயிலேறினவன்தான். என் வீட்டில் நான் விருந்தாளி என்றால் விருந்தாளி எதற்குக் கடிதம் போட வேண்டும் என்று ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதுக் கழுதைக்கு இதுவும் ஒரு பிழைப்பு. உன்னைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்கிறேன்.

ராஜமாணிக்கம் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். தண்ணீர் விட்டு முடித்த பிறகு நீ குளத்துப் படியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அவன் கையைப் பிடித்து இழுத்தும் வராமல், நைனா சொன்ன மூலையிலயே வச்சிருக்கலாம், அங்கயே வச்சிருக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாயாம். விருந்தாளிக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள். அதைக் கேட்டு நானும் அழுதேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்ஜினை நகர்த்தித் தொலைக்காதே, நீ வைத்த இடமே சரி. கிழக்கே பாறை, குழி இறங்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

பங்குனியில் லீவு கேட்டிருக்கிறேன், இங்கே நான் இல்லாவிட்டால் டீதான் ஒரு குவளை மிச்சம். மெயில் கும்மிடிப்பூண்டியில் நிற்காது, மெட்ராஸ் போய்ப் பாசஞ்சரில் திரும்பி வருவேன். ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வராதே, அதெல்லாம் விருந்தாளிக்கு. சைக்கிளை எடுத்து வா, பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.

நீ சுகமாயிருக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடு, அம்மாவை எதிர்த்துப் பேசாதே, நெல்லும் பிள்ளையுமாக நூறு வயது இரு. ஒன்று மறக்காதே. இனி எந்த அமாவாசைக்குக் குளத்துப் பக்கம் போனாலும், அப்பா இருக்காரா என்று ஐயர் கேட்டால், இருக்கிறார் என்று வாயைத் திறந்து சொல்.

இப்படிக்கு,
இருக்கிற உன் நைனா
எ. சடையப்பன்