அப்பாவின் ‘வந்து’

மார்ச் 3
இல்லை, ஆசைப்பட்டுச் சேரவில்லை. வெட்கம் தாங்காமல் சேர்ந்தேன். அலுவலகக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்து மேசைக்காரி எனக்காகச் சொன்னாள். அதன் பிறகுதான் இந்தப் பேச்சு வகுப்பு.

மார்ச் 17
“வந்து...” என்று யார் இழுத்தாலும் பயிற்சியாளர் மேசை மணியைத் தட்டுகிறார். “வந்து வந்துன்னு எங்கதான் வரீங்க? உள்ள வந்து உக்காருங்க” என்றார் என்னிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 9
பஸ்ஸில் மழைச்சாரல். முன் சீட்டுக்காரரிடம் ஜன்னலை மூடச் சொன்னேன். மூடினார். அவ்வளவுதான். போன வருடம் என்றால் நனைந்துகொண்டே வந்திருப்பேன்.

ஏப்ரல் 12
சாப்பிடும்போது அப்பா, “வந்து... பஸ் டிப்போல வந்து...” என்று ஆரம்பித்தார். கரண்டியால் டம்ளரைத் தட்டினேன். சிரிப்பில் தம்பிக்குப் புரையேறியது. மறுபடியும் “வந்து”. மறுபடியும் தட்டினேன். அப்பாவும் சிரித்தார். “ஒண்ணுமில்லம்மா, சாப்பிடு.”

ஏப்ரல் 15
அம்மா பாத்திரம் கழுவியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவருக்கு இடது கண்ணு மங்குதாம். பஸ் ஓட்டவே பயப்படறார். டிப்போ மேனேஜர்கிட்ட வேற வேலை கேக்கணும், நீ நல்லா பேசற, உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னார். அன்னிக்கு அதைக் கேக்கத்தான் ஆரம்பிச்சார்.”


ஏப்ரல் 16
சே. என்ன பண்ணிட்டேன். இன்னிக்கும் அந்தக் கண்ணோட பஸ் எடுக்கப் போயிருக்கார்.
மாலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது, “நாளைக்கு டிப்போவுக்கு நானும் வரேன்பா” என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வரவில்லை.
“உனக்கு லீவு தருவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 17
மேனேஜரிடம் விஷயத்தை நான் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் அப்பாவிடம் திரும்பி, “எப்போலேருந்து?” என்றார்.
“வந்து சார்... ராத்திரி வண்டி ஓட்டறப்ப வந்து... எதிர்ல வர்ற லைட்டு...”
மேனேஜர் பொறுமையிழந்து என்னைப் பார்த்தார். “நீயே சொல்லிடும்மா, சீக்கிரம் முடியும்.”
“அவர் முடிக்கட்டும் சார்.”
என் குரல்தான். நடுங்கவில்லை. முகம் மட்டும் எரிந்தது. அப்பா மெதுவாக, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பரிசோதனை முடியும்வரை வண்டி வேண்டாம், வேறு வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார் மேனேஜர்.
வெளியே வந்து, கண் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து அப்பாவுக்கு நேரம் வாங்கினேன்.