கடைவாயில் இருக்கும் வெள்ளி

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ரோசம்மாளும் மாடு கன்றும் சுகம். சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்லபடியாக இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பேச்சு வந்து இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டேன், இனி கவலைப்படாதே. இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று திட்டினாயே, சொல்கிறேன். நீ பிறந்த வருஷம் அப்பாதான் தருமபுரிக்குக் கூட்டிப்போய் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் வெள்ளி அடைக்க வைத்தார். அவர் காரியத்தன்று தாலியை வாங்கினார்கள், மெட்டியைக் கழற்றினார்கள். அவர் போட்டுவிட்ட வெள்ளி இப்போது வாய்க்குள் மட்டும்தான் இருக்கிறது, டாக்டரிடம் போனால் அதையும் பிடுங்கிவிடுவார்களே என்றுதான் ஒரு பக்கமாகவே மென்று வலியோடு இருந்தேன்.

அத்தை விடவில்லை, அரூரில் ஜாஸ்மின் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். வலது பக்கத்து அடைப்பு விரிசல் விட்டு அடியில் சொத்தையாம், எடுத்தே ஆகணும் என்றார். எடுக்கிற வெள்ளியைக் கையில் கொடுத்துடுங்கம்மா என்று கேட்டேன். அத்தை உடனே, ஏன் அண்ணி, கொலுசு அடிக்கப் போறீங்களா என்றாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, இது அசல் வெள்ளி இல்லீங்கம்மா, பாதரசம் கலந்ததுங்க, வூட்டுக்கு எடுத்துப் போகக்கூடாதுங்க, டப்பாவில் மூடித் தனியா அனுப்பிடுவோம் என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஊசி போட்டு வாய் மரத்திருந்ததால் அது ஒரு பக்கமாகப் போனது. அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பல் கலரிலேயே என்னவோ வைத்து நீல வெளிச்சம் காட்டினார், கல் மாதிரி இறுகிவிட்டது, எது பல் எது அடைப்பு என்றே தெரியவில்லை.

இடது பக்கத்தையும் எடுக்கணுமா, விஷம் என்று என் பொண்ணு சொல்லுதுங்களே என்று பயந்துகொண்டே கேட்டேன். அது கெட்டியா இருக்குதுங்க, கெடுதல் இல்லீங்க, சும்மா நோண்டினாத்தான் பல் வீணாப் போகும் என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நேற்று வறுத்த கடலையை இரண்டு பக்கமும் போட்டு மென்றேன்.

அதையும் மாற்று என்று இனி சொல்லாதே கண்ணு. நெற்றியையும் கழுத்தையும் பார்த்துப் பேசுகிற சனம் வாய்க்குள் எட்டிப் பார்க்காது, அது அங்கேயே இருக்கட்டும்.

பாப்பாவைப் பால் புட்டியோடு தூங்க வைக்காதே, பல் கெட்டுவிடுமாம். மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கள்.

உன் அம்மா
சாலம்மாள்
மொரப்பூர்