தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது, அக்கா

என் உயிரான மேரியக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் நோவு இல்லை என்று நம்பி எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி இன்னும் ஓடுகிறது. கோமாளி மீன் இரண்டும் சுகம். பெரியதற்குத் திமிர் குறையவில்லை, நான் கை விட்டால் கடிக்க வருகிறது. தூத்துக்குடி மீன் வண்டிக்காரர் இப்போதும் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட் முடிந்ததும் உன் வீட்டுக்குப் போய், உன் மகள் ஜெனிக்குச் சோறு போட்டுவிட்டுத் தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இரண்டு மாதமாகத் தண்ணீரில் பொடிப்பொடியாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. தீனி அதிகமோ என்று குறைத்துப் பார்த்தேன். கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். வார்டில் இருந்து ஒரு பெரிய சிரிஞ்சைக் கொண்டுவந்து, கல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கிளம்பிய தூசியெல்லாம் பில்டர் பஞ்சில் சிக்கும் வரை காத்துக் கிடந்தேன். ஒரு நாள் தெளியும், மறுநாள் பழைய கதைதான். ஜெனி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "சித்தி, தண்ணிக்குள்ள மினுக்கு பறக்குது" என்றாள். நான் சிரித்தேன். எனக்கு எப்போதுமே புத்தி பின்னால்தான் வரும்.

விருதுநகரில் மீன் விற்கிற கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். காற்று மோட்டார் எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். அது எங்கே இருக்கிறது? கூடத்துச் சுவரில், பின்னறை வென்டிலேட்டருக்குக் கீழே, பலகை மேல். அங்கே இருக்கிற காற்றை இழுத்துத்தான் அது தண்ணீருக்குள் விடுகிறது. வீட்டுக்கு வந்து மோட்டாரை விரலால் தடவினேன். விரல் வெள்ளியாக மின்னியது. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி.

நீ கேட்பாய், இத்தனை நாள் தெரியவில்லையா என்று. நம் ஊரில் அது எங்கே இல்லை? பஸ் சீட்டில் இருக்கிறது, கடையில் வாங்கும் சில்லறை நோட்டில் இருக்கிறது. பழகிய கண்ணுக்கு அது அழுக்காகவே தெரிவதில்லை. தீக்காய வார்டில் வருகிறவர்களின் கையில் இருந்து அதே வெள்ளியைத் துடைத்து எடுப்பவள் நான். மிச்சம் இருக்கிற தோலில் இருந்து. எனக்கே தெரியவில்லை.

பின்னறையில் அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கிறேன் என்று அத்தான் பூட்டு போட்டு வைத்திருந்தார். உன் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, கேட்டதும் உடைந்துவிட்டார். உள்ளே திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறாராம். "கம்பெனி பூட்டி அஞ்சு மாசமாச்சு கிரேசு. இந்த ஒரு ஆர்டர் மட்டும் போயிரட்டும். ஜெனிக்குன்னுதான் செய்றேன்" என்றார்.

"ஜெனி தலைமாட்டுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான இருக்கு, அத்தான். தெரிஞ்சுதான் செய்றீகளா?"

மறுநாள் நான் போனபோது அவர் அந்த வென்டிலேட்டரைச் சிமெண்ட் சாக்கை வைத்து அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தார். இனித் தூசி வராது, உங்கக்கா தொட்டி சுத்தமாகிவிடும் என்று நிம்மதியாகச் சொன்னார். மூன்று நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஜெனி கை தட்டினாள். தொட்டிக்கு வராத பொடி இப்போது எங்கே இருக்கிறது, அக்கா? காற்றே போகாத அறைக்குள் அத்தனையும் சேர்ந்து, அத்தான் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பொறி போதும்.

இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். "அவுகள விட்டுறாதடி, அவுகளுக்குத் தனியா இருக்கத் தெரியாது" என்று கடைசியாக நீ சொன்னதுதான் காலைக் கட்டியது. அம்மா இல்லாத பிள்ளைக்கு அப்பாவையும் இல்லாமல் செய்வதா? ஆனால் நான் எதுவும் செய்யாவிட்டால் மட்டும் அவர் இருப்பாரா?

இன்று காலை ஜெனியை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மீன் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். அத்தானே மீனைப் பிடித்து வாளியில் விட்டு, தண்ணீர் சிந்தாமல் ஆட்டோ வரை தூக்கி வந்தார். அவர் கை பட்ட இடத்தில் தண்ணீர் மேல் மெல்லிசாக வெள்ளி படர்ந்தது. ஜெனி தன் கைக்குட்டையால் அதை ஒற்றி ஒற்றி எடுத்தாள். இன்னும் பத்தே நாள் என்று சொல்லிவிட்டு அத்தான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஊருக்குத் தெரிந்துவிட்டால் மூன்றாவது தடவை நான் ஸ்டேஷன் வாசலில் இருந்து திரும்பி வர முடியாது. எழுதி முடித்ததும் கிளம்பிவிடுவேன். போலீஸிடம், முதலில் பக்கத்து வீட்டு ஆட்களை வெளியே கூப்பிட்டுவிட்டு, அப்புறம் கதவைத் தட்டுங்கள் என்று சொல்வேன். அத்தான் ஜெயிலில் உட்கார்ந்து என்னை ஆயுசு முழுக்கத் திட்டட்டும், நீயும் கோபித்துக்கொள். திட்டுவதற்காவது அவருக்கு ஆயுசு வேண்டும். அதை மட்டும் காப்பாற்றிக் கொடுப்பேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கச்சி,
ஜெனியின் சித்தி,
கிரேஸ்