லோசேயின் வாசலில் அப்பா

அன்புள்ள மலாகிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், உன் தங்கைகள் தூங்கின பிறகுதான் கை ஓய்ந்தது. இங்கே உடம்பளவில் எல்லாரும் நலம், பிரிஸ்பேனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ போனைப் பட்டென்று வைத்ததிலிருந்து எனக்குத்தான் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது, நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சுச் சொன்னேன், அதுக்கு அப்பா ஏன் தலைகுனியணும்" என்று கத்தினாயே, நடந்ததைக் கேள். நம் சபைக்கு நீயே கட்டிக்கொடுத்த இணையதளம்தான், யாரிடமும் படிக்காமல் தானாகக் கற்றவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். இப்போது இணையதளங்களின் பூட்டைச் சோதித்துப் பழுது சொல்லும் வித்தையைக் கற்கிறாய், நல்லதுதான். ஆனால் போதகர் கண்ணுக்கு மட்டும் என்று அந்தத் தளத்தில் ஜனங்கள் எழுதிய ஜெபங்களை யாரும் திறக்கலாம் என்று காட்ட, அடுத்த வீட்டு லோசே அத்தையின் ஜெபத்தையே படம் பிடித்து வாலிபர் குழுவில் போட்டுவிட்டாயேடா. ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போன புருஷன் அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறான், அவனைத் திருப்பி அனுப்பும் என்று அவள் அழுது எழுதியது அது. எங்களிடமெல்லாம் "ஒப்பந்தத்தை நீட்டிட்டாங்க, மகராசன் அங்கேயே கொழுத்துட்டு இருக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவந்தாள். அன்று சாயங்காலமே கடையில் ஒருத்தி "என்ன லோசே, ஆப்பிள் ரொம்ப இனிக்குதாமே" என்று கேட்டாளாம். அதிலிருந்து அவள் வேலிப்பக்கம் வருவதில்லை.

மறுநாள் விடியும் முன்னே அப்பா, உன் கல்யாணத்துக்கென்று நான் எடுத்துவைத்திருந்த நுண்பின்னல் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க அவள் வாசலில் போய் உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்பதா வெட்டுவதா என்று அவள் அண்ணன்மார் கத்தியோடு நின்றார்கள். வெயில் ஏறியது, மழையும் பெய்தது, அப்பா அசையவில்லை. கடைசியில் லோசேதான் வந்து, மன்னித்ததற்கு அடையாளமாகப் பாயை விலக்கி, "எழுந்திருங்கண்ணே, உங்க பையன் காட்டலைன்னாலும் அவரு வரப்போறதில்ல" என்றாள். அன்றிலிருந்து அப்பா போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார், அது அடித்தால் என் முகத்தைப் பார்க்கிறார்.

படிப்பை விட்டுவிடாதே. இதில் முதல் பாடமே வீட்டுக்காரரைக் கேட்காமல் கதவைத் தொடக்கூடாது என்பதுதான் என்று ஆசையாக எனக்குச் சொன்னவன் நீதானே. லோசே அத்தையை நீயே கூப்பிட்டுப் பேசு, பழுதைப் பற்றி வேண்டாம், அவள் எப்படி இருக்கிறாள் என்று கேள். அங்கே குளிராம், கம்பளி போட்டுக்கொள். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பார்.

உன் அம்மா,
தெயுய்லா

அப்பா இன்னும் தூங்கவில்லை, யாருக்கு எழுதுகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.