சுரங்கத்து மாமாவின் சிகரெட்

பொத்தோசி,
ஞாயிறு

அன்புள்ள நிகாசியாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தையின் கண்ணும் இப்போது எப்படி இருக்கின்றன? எனக்குக் கொஞ்சம் இருமல், பெரிதாக ஒன்றுமில்லை. மருந்தகத்தில் சொன்னார்கள் என்று சிகரெட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

சிக்கல் எங்கள் சுரங்கத்து மாமாவால் வந்தது. வெள்ளிக்கிழமை, சுரங்கத்துக்குள் நாங்கள் கும்பிடும் அந்தக் கொம்பு வைத்த களிமண் சிலையின் வாயில் படையலாகச் சிகரெட் வைப்பது என் முறை. பற்றவைக்க நான் ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். இழுத்தால் விட்டதெல்லாம் வீண். வைக்காமல் போனால் பாறை சரியும் என்று எல்லோருக்கும் பயம். தீப்பெட்டியோடு அப்படியே நின்றேன்.

என்னோடு துளை போடும் கலிஸ்டோ அதைப் பிடுங்கினான். "தள்ளுடா, மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று தானே பற்றவைத்து அவர் வாயில் செருகினான். "மாமா, இனிமே இவன் பங்கையும் சேத்து நீங்களே இழுங்க. இவன் பொண்டாட்டிக்கு இவன் முழுசா வேணுமாம்."

சிகரெட் அடிவரை எரிந்தது. மாமாவுக்குச் சம்மதம் என்று சிரித்தார்கள். இப்போது யாரும் என் எதிரில் புகைப்பதில்லை. எனக்கு மெல்லுவதற்குக் கொக்கா இலையை நீட்டுகிறார்கள்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் கை எதையோ தேடுகிறது. வறுத்த மொச்சை கொஞ்சம் அனுப்பு.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்பப் போகிறது, முடிக்கிறேன். நீ அவசரப்படாமல் எழுது, கோழி முட்டையிட்டதையும் விடாதே. உன் போன கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு சிகரெட் தீரும் நேரம்கூட ஆகவில்லை.

ஃபெர்மின்